புளிக்குது, சரி… எப்படிப் புளிக்குது?

எனக்கு வீடு ஜூஜுவாடியில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். நடுவில் அத்திப்பள்ளி. காலையில் தமிழ்நாட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கர்நாடகாவில் போய் கோடு எழுதிவிட்டு, ராத்திரி திரும்பி வருகிற ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருத்தன். இந்தப் பதிவு எல்லைக்கு அந்தப் பக்கம் குடித்த ஒரு பியரைப் பற்றியது. ஆனால் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்து இட்லி மாவைப் பற்றித்தான் இருக்கும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. இதில் வரும் சோதனைகள் எல்லாவற்றையும் தயிர், நெல்லிக்காய், மாங்காய் வைத்தே செய்துவிடலாம். நான் பாதி அப்படித்தான் செய்தேன்.

2022 மே மாதம். எங்கள் டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று எல்லோரும் பெங்களூரில் ஒரு பிரூபப்புக்குப் போனோம். பிரூபப் என்றால் அங்கேயே பியர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடம். நம்ம டாஸ்மாக்கில் கிடைப்பது பெரும்பாலும் லாகர், ஒரே மாதிரி மஞ்சள், ஒரே மாதிரி கசப்பு. அங்கே போர்டில் எட்டு வகை எழுதியிருந்தது. மாம்பழ சீசன் என்பதால் ஒன்று மேங்கோ சவர். அதாவது மாம்பழம் போட்ட புளிப்பு பியர். வாங்கினேன்.

பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "எப்படி சார் இருக்கு?"

"புளிக்குது."

"புளிப்பு பியர் புளிக்காம என்ன பண்ணும்? வேற என்ன தெரியுது?"

யோசித்தேன். வேறு ஒன்றுமே தெரியவில்லை. அவர் தன் கிளாசை மோந்து பார்த்துவிட்டு மாம்பழத் தோல், அன்னாசி, கொஞ்சம் தயிர், கடைசியில் லேசான துவர்ப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு எலுமிச்சைத் தண்ணீரில் சோடா ஊற்றியது போல இருந்தது. அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியும். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 2021 மே மாதம், கொரோனா வந்து என் மூக்கு போயிருந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி வீடு முழுக்கப் புகை. நான் பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். "உன்னை நம்பி இனிமே அடுப்பைப் பத்த வெக்க முடியாதுடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நிஜமாகவே என்னை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்த மேங்கோ சவர் சம்பவத்துக்குப் பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். "புளிக்குது" என்பதற்கு மேல் இன்னும் ஒரு வரி எழுத முடியுமா என்று பார்ப்பதற்காக. அதில் சேர்ந்தவற்றின் சுருக்கம்தான் கீழே.

நாக்குக்குத் தெரிந்தது ஐந்துதான்

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் என்று இன்றைய அறிவியல் ஒத்துக்கொள்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தை. நம் அறுசுவையில் வரும் கார்ப்பு உண்மையில் எரிச்சல். துவர்ப்பு தொடுகை சம்பந்தப்பட்டது. இரண்டும் வாய்க்குத் தெரியும், ஆனால் வேறு வழியாகத் தெரியும்.

இந்த ஐந்தில் "மாம்பழம்" இல்லை, கவனித்தீர்களா? பலாவும் கொய்யாவும்கூட இல்லை. பழத்தின் அடையாளம் முழுக்க வாசனையில் இருக்கிறது. நாம் மென்று விழுங்கும்போது வாயின் பின்பக்கமாக, தொண்டைக்கு மேலே போகும் வழியில் வாசனை மூக்குக்கு ஏறுகிறது. மூளை அதையும் நாக்கிலிருந்து வந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, "வாயில் மாம்பழ ருசி" என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. நாக்கின் ஐந்தோடு ஒப்பிட்டால் மூக்கு எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியும்.

சோதித்துப் பார்க்க ஒரு மாங்காய்த் துண்டும், அதே அளவு புளிப்புள்ள வேறு ஏதாவது பழத் துண்டும் போதும். கண்ணை மூடி, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இரண்டுமே வெறும் புளிப்பாக, ஒரே மாதிரி இருக்கும். அப்படியே மூக்கை விடுங்கள். ஒரு நொடியில் பழத்தின் பெயர் வந்து விழும். மூக்கு போன நாட்களில் நான் வாழ்ந்தது அந்த மூக்கைப் பிடித்த பாதியில்தான். புளிப்பு முழுசாக இருந்தது, பழம் இல்லை.

புளிப்பு மட்டும் ஏன் தப்பித்தது? அது வாசனையை நம்பி இல்லை. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி, அதாவது புரோட்டான், நாக்கின் செல்லுக்குள் நுழைவதுதான் புளிப்பு. அது நுழையும் வாசலின் பெயர் ஓட்டாப்-1. அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி லைமன் குழு 2018-ல் இது புரோட்டான் செல்லும் வழி என்று காட்டியது. 2019-ல் இதுதான் புளிப்புக்கான ஏற்பி என்று உறுதியானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புரதம் அதற்கு முன்பே வேறு இடத்தில் தெரிந்திருந்தது. காதுக்குள், நாம் விழாமல் நிற்க உதவும் உறுப்பில்.

புளிப்பு பியர் என்றால் என்ன?

பியர் என்பது சுருக்கமாக இதுதான்: பார்லியை முளைகட்டி உலர்த்தி (மால்ட்), வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான கஷாயம் எடுத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பது. இதில் "புளிக்கவைப்பது" என்று தமிழில் சொல்கிறோமே தவிர, சாதாரண பியர் புளிக்காது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும். புளிப்பைத் தருவது பெரும்பாலும் பாக்டீரியா. சாதாரண பியரில் பாக்டீரியா வந்தால் கெட்டுப்போனது என்று கொட்டுவார்கள். புளிப்பு பியரில் அதை வேண்டுமென்றே விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

உலகத்தில் இதற்குப் பல பழைய வகைகள் உண்டு. முக்கியமான சில:

லாம்பிக்: பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் காய்ச்சுவது. ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதே இல்லை. கொதித்த கஷாயத்தைப் பெரிய தட்டைத் தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவுக் காற்றில் ஆறவிடுவார்கள். காற்றிலிருந்தும் மரப் பீப்பாயிலிருந்தும் வரும் நுண்ணுயிர்கள் வருடக்கணக்கில் வேலை செய்யும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆனவற்றைக் கலந்தால் அது கேஸ். செர்ரி போட்டு ஊறவைத்தால் கிரீக்.

பெர்லினர் வைஸ்: ஜெர்மனி. கோதுமை சேர்த்தது, ஆல்கஹால் குறைவு, தயிர்ப் புளிப்பு. ராஸ்பெர்ரி சிரப் ஊற்றிக் குடிப்பார்கள்.

கோஸ: இதுவும் ஜெர்மனி. கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து லைப்சிக் நகரத்தில் பேர் வாங்கியது. இதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். புளிப்பு, உப்பு, தனியா. எனக்கு இதைப் படித்ததும் ரசம் ஞாபகம் வந்தது.

லாம்பிக்கைப் பற்றிப் படிக்கும்போது நம் கள்ளை நினைக்காமல் இருக்க முடியாது. மரத்திலிருந்து இறங்கும் பதநீருக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பானையிலும் பாளையிலும் காற்றிலும் இருப்பதே போதும். காலையில் இனிப்பு, மதியத்துக்கு மேல் புளிப்பு, விட்டுவைத்தால் காடி. அது நடக்காமல் தடுக்கத்தான் பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு காரம், அங்கே இந்த நுண்ணுயிர்களால் எளிதில் வளர முடியாது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கத் தடை. அதனால் என் வயதுக்காரர்கள் பலருக்குப் புளித்த கள்ளின் ருசி கேள்விப்பட்டதோடு சரி.

இட்லி மாவும் கெட்டிலும்

பெங்களூரில் நான் குடித்தது இந்த வருடக்கணக்கு வகை இல்லை. பிரூபப்பில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அவர்கள் செய்வது கெட்டில் சவரிங் என்ற குறுக்கு வழி. மால்ட் கஷாயத்தை எடுத்து, ஹாப்ஸ் போடாமல், சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பில் வைத்து, லாக்டோபேசிலஸ் பாக்டீரியா சேர்க்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் நன்றாகப் புளித்துவிடும். பிறகு கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு மட்டும் நிற்கும். அதன் பிறகு ஹாப்ஸ், ஈஸ்ட், பழம் எல்லாம். ஹாப்ஸை முதலில் போடாததற்குக் காரணம், அது இந்த வகை பாக்டீரியாவை வளரவிடாது.

இதை அம்மாவிடம் விளக்கினேன். "வெதுவெதுப்பா வெச்சு புளிக்க வெச்சு, அப்புறம் வேக வெக்கறாங்க. இது நம்ம மாவுதானே?" என்றார். உண்மைதான். இட்லி மாவிலும் புளிப்பைத் தருவது லாக்டிக் அமில பாக்டீரியா. 1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து, அதைப் பொங்கவைப்பதில் லூக்கோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு முக்கியப் பங்கு என்று எழுதினார்கள். அது அமிலத்தோடு வாயுவையும் சேர்த்துத் தரும். அதனால்தான் புளிப்பும் பொங்குதலும் ஒன்றாக நடக்கின்றன. கடைசியில் ஆவியில் வேகும்போது அவையும் செத்துவிடுகின்றன.

வெதுவெதுப்பின் அருமை ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரியில் மாவு கல்லு மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். அம்மா பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி, மாவரைத்த சூடு ஆறுவதற்குள் அலமாரிக்குள் வைத்துவிடுவார். பியர் காய்ச்சுகிறவர் தெர்மோஸ்டாட் வைத்துச் செய்வதை அம்மா போர்வை வைத்துச் செய்கிறார்.

வோல்டேஜ் வேறு, பேட்டரி வேறு

என்னைப் போன்ற ஆளுக்கு உடனே எண் வேண்டும். புளிப்புக்கு எண் பிஎச். குறையக் குறைய அமிலம் அதிகம். ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு. சாதாரண பியர் 4.2 முதல் 4.6 வரை இருக்கும். புளிப்பு பியர் சுமாராக 3-லிருந்து 3.5. எலுமிச்சைச் சாறு 2-க்குக் கொஞ்சம் மேலே. தயிர் 4-லிருந்து 4.6.

இங்கே ஒரு இடறல். தயிரும் சாதாரண லாகரும் கிட்டத்தட்ட ஒரே பிஎச். ஆனால் தயிர் புளிக்கிறது, லாகர் புளிக்கவில்லை. ஏன்?

பிஎச் அந்த நிமிடத்தில் எத்தனை புரோட்டான்கள் சும்மா திரிகின்றன என்று மட்டும் சொல்கிறது. மொத்தம் எவ்வளவு அமிலம் கையிருப்பில் இருக்கிறது என்று சொல்லாது. தயிர், பழம் போன்றவற்றில் இருக்கும் அமிலங்கள் தங்கள் புரோட்டான்களில் பெரும்பகுதியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எச்சில் வந்து கொஞ்சம் நீக்கினால், உடனே அடுத்தது வெளியே வரும். நம் மொழியில் சொன்னால் பிஎச் என்பது வோல்டேஜ், மொத்த அமிலம் என்பது பேட்டரியின் கொள்ளளவு. பட்டன் செல்லிலும் பெரிய டார்ச் பேட்டரியிலும் ஒரே 1.5 வோல்ட் இருக்கலாம், எவ்வளவு நேரம் எரியும் என்பது வேறு கதை. தயிரில் லாக்டிக் அமிலம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. லாகரில் மொத்த அமிலமே அதைவிட வெகு குறைவு.

அதனால் புளிப்பு பியரைச் சுவைக்கும்போது இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்க வேண்டும். எவ்வளவு சுள்ளென்று ஆரம்பிக்கிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? சுள்ளென்று வந்து உடனே ஓடிப்போவதும், மெதுவாக வந்து தாடையைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றில்லை.

மாம்பழம் போட்டும் ஏன் இனிக்கவில்லை?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனிடம் மாம்பழம் போட்டது என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தால் அவன் இனிப்பைத்தான் எதிர்பார்ப்பான். நானும் எதிர்பார்த்தேன். ஆனால் ஈஸ்டுக்கு மாம்பழச் சர்க்கரையும் மால்ட் சர்க்கரையும் ஒன்றுதான், எல்லாவற்றையும் தின்றுவிடும். மிஞ்சுவது பழத்தின் வாசனையும் அமிலமும். அதாவது மூக்கு "மாம்பழம்" என்கிறது, நாக்கு "இனிப்பே இல்லையே" என்கிறது. பழ வாசனையோடு இனிப்பை மூளை பழக்கத்தால் சேர்த்துவைத்திருப்பதால், இந்த முரண்தான் முதல் வாய்க்கு விசித்திரமாக இருக்கிறது.

மெனுவில் "பழம் தூக்கலாக" என்று போட்டிருந்தால் இனிப்பு என்று அர்த்தம் இல்லை. இனிப்பாகவும் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கடைசியில், ஈஸ்ட் வேலை முடிந்த பிறகு பழக்கூழ் சேர்த்திருப்பார்கள். அல்லது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போட்டிருப்பார்கள், அதை பியர் ஈஸ்டால் தின்ன முடியாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழமே போடாத பியரிலும் பழ வாசனை வரும் என்பது இன்னொரு ஆச்சரியம். ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருட்கள்தான் காரணம். ஐசோஅமைல் அசிடேட் என்றால் வாழைப்பழம், எத்தில் பியூட்டிரேட் என்றால் அன்னாசி. பழங்களுக்குள்ளும் இதே பொருட்கள் இருக்கின்றன. அதனால் "வாழைப்பழம் போட்டிருக்காங்களா?" என்று கேட்பது முட்டாள்தனம் இல்லை, மூக்கு சரியாகத்தான் சொல்கிறது.

லாம்பிக் வகைகளில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டும் சேரும். 1904-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த கிளாசன் ஆங்கிலேய பியரில் இதைக் கண்டு பெயர் வைத்தார். "பிரிட்டிஷ் பூஞ்சை" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இதன் வாசனையை வெள்ளைக்காரர்கள் குதிரை மேல் போட்ட கம்பளி என்பார்கள். நான் குதிரைக் கம்பளியை மோந்ததில்லை. மாட்டுக் கொட்டகையில் ஈரமான சாக்கு என்றால் எனக்குப் புரியும்.

வார்த்தைகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன

அந்தக் கம்பளிதான் எனக்குத் திருப்புமுனை. ஆங்கிலச் சுவைக் குறிப்புகளில் வரும் கூஸ்பெர்ரி, ரூபார்ப், பேஷன் ஃப்ரூட் எல்லாவற்றையும் காப்பி அடித்து எழுதினேன், ஒன்றும் ஒட்டவில்லை. சாப்பிடாத பொருளை வைத்து எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் அடித்துவிட்டு நம் சமையலறையிலிருந்து ஆரம்பித்தேன்.

தயிர்ப் புளிப்பு: லாக்டிக் அமிலம். மழுங்கலாக, அகலமாக, நாக்கு முழுக்கப் பரவும். கெட்டில் சவர் வகைகளின் அடிப்படை இதுதான். நேற்றைய தயிரா, மூன்று நாள் தயிரா, நீராகாரமா என்று அளவு சொல்லலாம்.

காடிப் புளிப்பு: அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். இது ஆவியாகும். அதனால் வாயில் வைக்கும் முன்பே மூக்கில் குத்தும். லாக்டிக் அமிலமும் புளியின் அமிலமும் அப்படிக் குத்தாது. குடிக்கும் முன் மூக்கிலேயே புளித்தால் காடி என்று எழுதிவிடலாம். கொஞ்சம் இருந்தால் அழகு, அதிகமானால் ஊறுகாய் ஜாடி.

எலுமிச்சைப் புளிப்பு: சிட்ரிக். சுள்ளென்று வந்து சீக்கிரம் போகும்.

மாங்காய்ப் புளிப்பு: சிட்ரிக்கோடு மாலிக் அமிலமும். பல் கூசும், ஓரங்களில் எச்சில் ஊறும்.

புளியின் புளிப்பு: டார்டாரிக். கனமாக, அடியில் லேசான இனிப்போடு.

நெல்லிக்காய்: புளிப்பும் துவர்ப்பும் ஒன்றாக. டானின் என்ற பொருள் எச்சிலின் புரதத்தைக் கட்டிவிடுவதால் வாய் வறளுவது போலத் தோன்றும். பழத்தோல், மரப் பீப்பாய் இரண்டிலிருந்தும் பியருக்கு இது வரும்.

கெட்ட வாசனைகளுக்கும் வார்த்தை வேண்டும். ஊசிப்போன வெண்ணெய், வாந்தி என்றால் பியூட்டிரிக் அமிலம், புளிக்கவைக்கும்போது வேறு பாக்டீரியா புகுந்திருக்கிறது. நெயில் பாலிஷ் என்றால் எத்தில் அசிடேட் அதிகம். இவை வந்தால் "இதுதான் சார் ஸ்டைல்" என்று யார் சொன்னாலும் கிளாசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"எதைப் போல இருக்கிறது" என்று சொல்வதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. "என்ன செய்கிறது" என்று சொல்வது. கூசுகிறது, சுண்டுகிறது, இழுக்கிறது, குத்துகிறது, ஊறவைக்கிறது. இந்த வகை நமக்குப் புதிதே இல்லை. நம் பக்கத்துத் தகடூர், இன்றைய தர்மபுரி, அதியமான் குடும்பத்தின் ஊர். அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் நாள்பட்ட தேறலின் வேகத்தைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறார், புறநானூறு 392-ஆம் பாடலில். எந்தப் பழத்தின் பெயரும் இல்லை. உடம்பில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான். அந்தத் தேறல் பழையது, கடுமையானது என்று இன்றும் நமக்குப் புரிகிறது.

என் நோட்டு முறை

நான்கு கட்டம் போடுகிறேன்: மூக்கு, நாக்கு, வாய், நேரம். மூக்கில் வாசனை மட்டும். நாக்கில் அந்த ஐந்து சுவை மட்டும். வாயில் துவர்ப்பு, நுரை, கனம், எரிச்சல். நேரத்தில் எது முதலில் வந்தது, எது கடைசியில் நின்றது. ரொம்ப ஜில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது, கிளாசைக் கையில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் வாயை நம்பக்கூடாது, புளிப்பு அதிர்ச்சியில் மற்றது மறையும். இரண்டாவது வாயிலிருந்து எழுதலாம். நடுவில் தண்ணீர். நாலைந்து வாய்க்கு மேல் நாக்கும் ஓய்ந்துவிடும், தலையும் கேட்காது. திரும்பி வர பஸ்தான், வண்டி எடுப்பதில்லை.

இதோடு இன்னொரு பயிற்சியும் செய்தேன். ஜெர்மனியின் தாமஸ் ஹும்மெல் குழு 2009-ல் வெளியிட்ட முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் 12 வாரம் மோந்து பார்ப்பது. எனக்கு முதலில் திரும்பியது கிராம்பு. பிறகு காபி வந்தது, ஆனால் கருகிய ரப்பர் போல. அதுவே ஒரு முன்னேற்றம் என்று டாக்டர் சொன்னார். நான் இந்த நான்கோடு ஐந்தாவதாக அம்மாவின் மாவுப் பாத்திரத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

பழம் திரும்பியது 2023 ஜூன் மாதத்தில். தேசிய நெடுஞ்சாலையோரம் வண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார்களே, கிளிமூக்கு மாங்காய். நம் பக்கம் பெங்களூரா என்றும் சொல்வோம். கிருஷ்ணகிரி தோட்டங்களில் விளைவது, பேர் மட்டும் அந்த ஊர் பேர். கடித்ததும் புளிப்புக்குப் பின்னாலிருந்து, காம்பு ஒடித்த இடத்துப் பால் வாசனை மெல்லியதாக வந்தது. ரோட்டோரம் நின்றுகொண்டு இரண்டாவது துண்டையும் வாங்கினேன், நிஜம்தானா என்று பார்க்க.

அடுத்த வாரம் அதே பிரூபப்பில் அந்த வருடத்து மேங்கோ சவர் வாங்கி எழுதியது இது:

மூக்கு: மாம்பழத் தோல், காம்புப் பால். பின்னால் அன்னாசி. காடி இல்லை.

நாக்கு: இரண்டு நாள் தயிரின் புளிப்பு. இனிப்பு இல்லை. துளி உப்பு.

வாய்: நுரை சுறுசுறு. கனமில்லை, மோர் போல இறங்குகிறது.

நேரம்: முதலில் புளிப்பு, அது தணியும்போது பழம். விழுங்கிய பிறகு மாங்கொட்டையைச் சப்பியது போல ஒரு துவர்ப்பு.

பெரிய இலக்கியம் இல்லை. ஆனால் முந்தின வருடம் ஒரே வார்த்தையாக இருந்தது இப்போது பத்துப் பதினைந்து வார்த்தை. பக்கத்தில் இருந்த அதே நண்பரிடம் காட்டினேன். "காம்புப் பால்! அதைத்தான் நான் ரெண்டு வருஷமா என்னன்னு தெரியாம தேடிட்டு இருந்தேன்" என்றார். அவர் மூக்குக்கு எப்போதோ தெரிந்திருந்தது, பெயர்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது.

என் மூக்கு முழுசாகத் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. சில வாசனைகள் இன்னும் தூரத்தில் யாரோ பேசுவது போலத்தான் கேட்கின்றன. ஆனால் போன டிசம்பரில் ஒன்று நடந்தது. அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். காலையில் போர்வையைப் பிரித்து மாவுப் பாத்திரத்தை என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைடா. இட்லிக்கு ஆகுமா, இன்னும் கொஞ்சம் விடணுமான்னு நீ மோந்து பாத்துச் சொல்லு."

மோந்தேன். உளுந்தின் பச்சை வாசனை இன்னும் மேலே நின்றது. தயிர் வாசனை அடியில்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் விடும்மா" என்றேன். அம்மா மறுபேச்சு பேசாமல் மூடி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இட்லி ஒன்பதரை மணிக்கு. ஆபீசுக்கு லேட்.